மாஸே ஃபெர்குசன் டிராக்டர் தெரியும்... அந்த ஃபெர்குசன் யார்? ராஜபாளையம் வயல் வரை வந்த ஒரு அயர்லாந்துக்காரரின் கதை

ஐப்பசி மழை ரெண்டு நாள் சேர்ந்தாப்ல பெய்துவிட்டால் போதும், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் ரோட்டின் ரெண்டு பக்கமும் டிராக்டர் சத்தம்தான். மேற்கே மலையடிவாரத்தில் கண்மாய்ப் பாசன நெல் வயல்கள். கிழக்கே போகப் போக கரிசல் காடு. தொளி அடிக்கிற வண்டி, கொத்துக் கலப்பை மாட்டிய வண்டி, டிரெய்லரில் உரமூட்டை ஏற்றிய வண்டி என்று விதவிதமாகப் பார்க்கலாம். அதில் சிவப்பு வண்டிகளின் முகப்பைக் கவனித்தால் மாஸே ஃபெர்குசன் என்ற பேர் கண்ணில் படும். ஊரில் யாரும் அந்த முழுப் பேரைச் சொல்வதில்லை. டாஃபே வண்டி என்பார்கள், அவ்வளவுதான்.

இதில் மாஸே என்பது கனடாவில் இருந்த ஒரு கம்பெனி வழியாக வந்த பேர். ஃபெர்குசன் என்பது ஒரு தனி மனிதர். ஹாரி ஃபெர்குசன். சிவப்பு வண்டியில்தான் அவர் பேர் இருக்கிறது என்றாலும், பச்சை, நீலம், ஆரஞ்சு என்று எந்த கம்பெனி டிராக்டராக இருந்தாலும் பின்னால் போய்ப் பாருங்கள். கீழே ரெண்டு கை, மேலே ஒரு கை. கலப்பை அந்த மூன்று கைகளில்தான் மாட்டப்பட்டிருக்கும். அந்த ஏற்பாட்டை உலகத்துக்குக் கொடுத்தவர் அவர்தான். 1960 அக்டோபரில் இறந்துபோனார். சென்னையில் டாஃபே கம்பெனி தொடங்கப்பட்டதும் அதே 1960-ல்தான்.

விவசாயம் பிடிக்காத விவசாயி மகன்

இன்றைய வட அயர்லாந்தில், டவுன் மாவட்டத்தில் ட்ரோமோர் ஊருக்குப் பக்கத்தில் குரோவெல் என்ற சின்னக் கிராமம். 1884 நவம்பர் 4-ல் அங்கே பிறந்தார் ஹாரி. பதினோரு பிள்ளைகளில் நாலாவது. அப்பா கண்டிப்பான விவசாயி. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வயலுக்கு வந்த ஹாரிக்கு அந்த வேலை சுத்தமாகப் பிடிக்கவில்லை. கனடாவுக்குக் கப்பல் ஏறிவிடலாம் என்றுகூட யோசித்தார். அந்த நேரத்தில் அண்ணன் ஜோ, பெல்ஃபாஸ்ட் நகரத்தில் சைக்கிளும் காரும் ரிப்பேர் பார்க்கும் கடை வைத்திருந்தார். 1902-ல் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டார்.

விவசாயத்தை வெறுத்து ஓடிவந்த ஒருவர்தான் பிற்பாடு உலக விவசாயத்தையே மாற்றினார் என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த முரண். ஆனால் வெறுத்ததால்தான் மாற்றினார் என்றும் தோன்றுகிறது. குதிரை பூட்டி உழுவதில் எவ்வளவு உடம்பு போகும் என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

கடையில் என்ஜின் வேலை கை வந்தது. கடைக்கு விளம்பரம் வேண்டும் என்று மோட்டார் சைக்கிள் ரேஸ், கார் ரேஸ் என்று இறங்கினார். அடுத்து விமானம். ரைட் சகோதரர்கள் பறந்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. ஐரோப்பாவில் நடந்த விமானக் கண்காட்சிகளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சொந்தமாகவே ஒன்றைக் கட்டினார். 1909 டிசம்பர் 31, ஹில்ஸ்பரோ என்ற இடத்தில் ஒரு பெரிய தோட்டவெளி. காற்று பலமாக வீசிய அந்த நாளில் சுமார் 120 மீட்டர் தூரம் பறந்தார். அயர்லாந்து மண்ணில் நடந்த முதல் விமானப் பயணம் அதுதான். அடுத்த ஆண்டு நியூகாசில் கடற்கரையில் கிட்டத்தட்ட மூன்று மைல் பறந்து 100 பவுண்டு பரிசும் வாங்கினார். பிறகு விபத்துகள், வீட்டு எதிர்ப்பு, அண்ணனோடு மனஸ்தாபம். 1911-ல் தனிக்கடை போட்டார். 1913-ல் மொரீன் வாட்சனைக் கல்யாணம் செய்துகொண்டார். விமானம் அதோடு சரி.

அந்தத் தனிக்கடைக்கு வேலைக்கு வந்தவர் வில்லி சாண்ட்ஸ். மெக்கானிக். இந்தப் பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டிராக்டர் ஏன் ஆளைக் கொன்றது?

முதல் உலகப் போர் வந்தது. உணவுக் கப்பல்களை ஜெர்மனி மூழ்கடித்துக்கொண்டிருந்தது. உள்ளூரிலேயே அதிகம் பயிர் செய்தாக வேண்டும். ஃபெர்குசன் அப்போது ஓவர்டைம் என்ற பேரில் விற்கப்பட்ட ஒரு அமெரிக்க டிராக்டருக்கு ஏஜென்ட். 1917-ல் அயர்லாந்து விவசாய வாரியம் அவரைக் கூப்பிட்டு, நாட்டில் இருக்கும் டிராக்டர்கள் ஒழுங்காக வேலை பார்க்கின்றனவா என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்கச் சொன்னது. அவரும் வில்லி சாண்ட்ஸும் போனார்கள்.

போய்ப் பார்த்ததில் அவருக்கு உறைத்த விஷயம் இதுதான். அன்றைய டிராக்டர் வெறும் இரும்புக் குதிரை. மாட்டுக்குப் பின்னால் கலப்பை கட்டுவதைப் போல, டிராக்டருக்குப் பின்னால் ஒரு சங்கிலியிலோ கொக்கியிலோ கலப்பையை மாட்டி இழுத்தார்கள். கலப்பைக்குத் தனிச் சக்கரம், தனி லீவர், சில இடங்களில் தனி ஆள். மண் இளகலாக இருந்தால் டிராக்டர் சக்கரம் சும்மா சுற்றும். சுற்றக்கூடாது என்று வண்டியைக் கனமாகச் செய்தார்கள். கனமான வண்டி மண்ணை அமுக்கி இறுக்கிவிடும்.

இதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. கலப்பை ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? பின்சக்கரம் நகர முடியாது. ஆனால் என்ஜின் விடாமல் திருகும். சக்கரம் சுற்ற முடியாதபோது, அந்தத் திருகல் வண்டியின் உடம்பையே தூக்கிவிடும். முன்பக்கம் எழும்பி, அப்படியே பின்னால் மல்லாந்து, ஓட்டுபவர் மேல் விழும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் டிராக்டர் அந்தக் காலத்தில் உலகம் முழுக்க விற்றது. இப்படி மல்லாந்து ஆட்களைக் கொன்றதிலும் அது பேர் வாங்கியது.

ஃபெர்குசன் கேட்ட கேள்வி எளிமையானது. கலப்பையை எதற்கு இழுக்க வேண்டும்? டிராக்டரின் உடம்போடு சேர்த்துவிட்டால் என்ன?

மூன்று கைகளின் கணக்கு

அடுத்த பதினைந்து, பதினாறு வருஷம் இதிலேயே போனது. வில்லி சாண்ட்ஸ், ஆர்ச்சி கிரீர் என்ற ரெண்டு பேர்தான் பெரும்பாலான வடிவமைப்பு வேலையைச் செய்தவர்கள். ஃபெர்குசனுக்கு யோசனையும் பிடிவாதமும், அவர்களுக்கு இரும்பும் அளவுகோலும். உலகம் ஃபெர்குசன் பேரை மட்டும் வைத்துக்கொண்டது. இதுவும் வழக்கமான கதைதான். 1925-ல் விண்ணப்பித்த காப்புரிமையில் அடிப்படை யோசனை வந்துவிட்டது. அதன் பிறகு வடிவம் பலமுறை மாறி, கடைசியில் இன்று நாம் பார்க்கும் ஏற்பாட்டில் நின்றது.

அது எப்படி வேலை செய்கிறது? கீழ்க்கை ரெண்டும் கலப்பையை முன்னோக்கி இழுக்கின்றன. கொழு மண்ணுக்குள் இருப்பதால் மண் அதைத் தடுக்கிறது. அதனால் கலப்பையின் மேல்பகுதி முன்பக்கமாகச் சாயப் பார்க்கும். அந்தச் சாய்வு மேல்கையை, அதாவது ஒர்க்‌ஷாப்பில் டாப் லிங்க் என்கிறார்களே அதை, டிராக்டரை நோக்கித் தள்ளுகிறது. முன்பக்கம் தூக்காமல் இருப்பதற்கு இந்தத் தள்ளல் கைகொடுக்கிறது. சங்கிலியில் கட்டிய கலப்பை வண்டியை மல்லாத்திய அதே விசை, இங்கே வண்டியைக் கீழே அமுக்குகிறது.

அதோடு விடவில்லை. மேல்கை எவ்வளவு பலமாகத் தள்ளப்படுகிறது என்பதை ஒரு ஸ்பிரிங் வழியாக ஹைட்ராலிக் வால்வு உணர்கிறது. மண் கடினமாகி தள்ளல் கூடினால் எண்ணெய் அழுத்தம் கலப்பையைக் கொஞ்சம் தூக்கிவிடும். இளகினால் இறக்கிவிடும். தூக்கும்போது கலப்பையின் கனமும், அதன் மேலிருக்கும் மண்ணின் கனமும் பின்சக்கரத்துக்கு வந்து சேரும், பிடிப்பு கூடும். ஆக, வண்டி கனமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தேவைப்படும் நேரத்தில் கனம் தானாக வரும். சீட்டுக்குப் பக்கத்தில் டிராஃப்ட் கண்ட்ரோல் என்று ஒரு லீவர் இருக்கிறதே, அது இதற்குத்தான்.

1933-ல் மாதிரி வண்டி தயாரானது. கறுப்பு பெயின்ட் அடித்திருந்ததால் கறுப்பு டிராக்டர் என்றே பேர். இன்றைக்கும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அரிய வண்டி என்றால் இதுதான்

இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு பகுதியில் பல்சக்கரங்கள் செய்துகொண்டிருந்த டேவிட் பிரவுன் கம்பெனி இதைத் தயாரிக்க முன்வந்தது. 1936-ல் ஃபெர்குசன்-பிரவுன் டிராக்டர் சந்தைக்கு வந்தது. விலை 224 பவுண்டு. கலப்பை, கொத்து போன்ற கருவிகள் ஒவ்வொன்றும் 26 பவுண்டு. ஃபோர்ட்சன் அதைவிட ரொம்ப மலிவு. போதாக்குறைக்கு, ஃபெர்குசன் வண்டிக்கு ஏற்கெனவே வீட்டில் இருந்த பழைய கலப்பைகள் பொருந்தாது, கருவிகளையும் புதிதாக வாங்க வேண்டும். வண்டி நகர்ந்துகொண்டிருந்தால்தான் ஹைட்ராலிக் கலப்பையைத் தூக்கும் என்ற குறையும் இருந்தது.

விற்பனை மந்தம். பெரிய வண்டி செய்யலாம் என்றார் டேவிட் பிரவுன். ஃபெர்குசன் ஒரு திருகாணியைக்கூட மாற்ற விடமாட்டேன் என்கிற ரகம். வேலை முடிந்த கலப்பை பளபளவென்று இருக்க வேண்டும், சட்டையில் ஒரு கறை இருக்கக் கூடாது என்று நினைக்கும் மனிதர் அவர். ரெண்டு பேரும் பிரிந்தார்கள். சுமார் 1,350 வண்டிகளோடு தயாரிப்பு நின்றது. பழைய டிராக்டர் சேகரிப்பவர்கள் இன்று தேடித் தேடி வாங்கும் பிரிட்டிஷ் வண்டிகளில் இது ஒன்று. (அந்த டேவிட் பிரவுன்தான் பிறகு ஆஸ்டன் மார்ட்டின் கார் கம்பெனியை வாங்கியவர். ஜேம்ஸ் பாண்ட் ஓட்டும் டி.பி.-5 காரில் டி.பி. என்பது இவர் பேரின் முதலெழுத்துகள்.)

ஒரு கைகுலுக்கல், ஒரு வழக்கு

1938 அக்டோபர். ஒரு ஃபெர்குசன்-பிரவுன் வண்டியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா போனார் ஃபெர்குசன். டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டின் வீட்டு நிலத்தில் உழுது காட்டினார். ஃபோர்டு அசந்துபோனார். ஃபோர்டு வண்டியைச் செய்வது, ஃபெர்குசன் வடிவமைப்பும் விற்பனையும் பார்ப்பது என்று பேசி முடித்தார்கள். பத்திரம் கிடையாது. வக்கீல் கிடையாது. வெறும் கைகுலுக்கல். எட்டே மாதத்தில், 1939 ஜூனில், ஃபோர்டு 9என் டிராக்டர் வந்துவிட்டது. எட்டு வருஷத்தில் மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது.

ஆனால் கைகுலுக்கிய கை ஓய்ந்துவிட்டது. பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு பொறுப்புக்கு வந்தார். 1946 கடைசியில், அடுத்த ஆண்டு நடுவோடு இந்த ஏற்பாடு முடிந்தது என்று சொல்லிவிட்டார். 1947-ல் ஃபோர்டு தன் சொந்த வண்டி 8என்-ஐ இறக்கியது. அதிலும் பின்னால் அதே மூன்று கைகள், அதே ஹைட்ராலிக். விற்பனை மட்டும் ஃபோர்டின் சொந்த ஏற்பாட்டில்.

1948 ஜனவரியில் ஃபெர்குசன் வழக்குப் போட்டார். கேட்ட இழப்பீடு 25 கோடி டாலருக்கும் மேல். நாலு வருஷம் இழுத்தது. 1952 ஏப்ரலில் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. குறிப்பிட்ட ஹைட்ராலிக் அமைப்பைப் பயன்படுத்துவதை ஃபோர்டு நிறுத்த வேண்டும் என்றும் முடிவானது. கேட்டதில் அது ஒரு துளி. ஆனாலும் ஃபோர்டு போன்ற ஒரு கம்பெனியை எதிர்த்து நின்று காப்புரிமைக்குக் காசு வாங்கிய கண்டுபிடிப்பாளர்கள் குறைவு. எழுதி வாங்கியிருந்தால் இந்த அலைச்சல் தேவையா என்ற கேள்வி வரத்தான் செய்யும். எழுதி வாங்கப் போயிருந்தால் ஒப்பந்தமே நடந்திருக்காது என்பவர்களும் உண்டு. என் ஓட்டு முதல் கட்சிக்கு.

சாம்பல் நிறக் குட்டி வண்டி

வழக்கு ஒருபக்கம் நடக்கட்டும், இந்தப்பக்கம் இங்கிலாந்தில் அவருடைய பெரிய வெற்றி ஆரம்பித்திருந்தது. கோவென்ட்ரி நகரத்தில் பேனர் லேன் என்ற இடத்தில், போர்க்காலத்தில் விமான என்ஜின் செய்த ஆலை சும்மா கிடந்தது. ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியோடு சேர்ந்து 1946-ல் அங்கே டி.இ.-20 டிராக்டரைத் தயாரிக்கத் தொடங்கினார். சாம்பல் நிறம், சின்ன உருவம், சுமார் 1,100 கிலோ எடை. 1956 வரை 5 லட்சத்து 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள். பிரிட்டிஷ்காரர்கள் இன்றும் செல்லமாக ஃபெர்கி என்கிறார்கள்.

இந்த ஸ்டாண்டர்ட் கம்பெனி நமக்கும் தெரிந்ததுதான். சென்னை வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் கார் தயாரானது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்து ஸ்டாண்டர்ட் வேன்கார்டு காரும் இந்த டிராக்டரும் ஒரே என்ஜின் குடும்பம்.

டி.இ.-20-ல் சின்னச் சின்ன விஷயங்கள் அழகாக இருக்கும். ஸ்டார்ட் பண்ண தனிச் சுவிட்ச் இல்லை, கியர் கம்பியையே ஒரு குறிப்பிட்ட இடத்துக்குத் தள்ள வேண்டும். அதனால் கியரில் இருக்கும்போது தவறுதலாக ஸ்டார்ட் ஆகிப் பாயாது. வண்டியோடு கொடுத்த ஸ்பேனரிலேயே அளவுக்கோடுகள் இருக்கும், சாலின் ஆழத்தை அளக்கலாம். எட்மண்ட் ஹிலரி தெரியுமில்லையா, எவரெஸ்ட் ஏறியவர்? அவருடைய குழு 1958 ஜனவரி 4-ல் தென்துருவத்தை அடைந்தது ஃபெர்குசன் டிராக்டர்களில்தான். சக்கரத்தின் மேல் பட்டை மாட்டி, பனிமேல் ஓட்டிக்கொண்டே போனார்கள்.

1953-ல் கனடாவின் மாஸே-ஹாரிஸ் கம்பெனியோடு தன் கம்பெனியை இணைத்தார். விலை பேசும்போது 10 லட்சம் டாலர் வித்தியாசம் வந்தது. காசைச் சுண்டிப் பார்த்துவிடலாம் என்றார் ஃபெர்குசன். சுண்டினார்கள். அவர் தோற்றார். அடுத்த வருஷமே அவர்களோடு ஒத்துவராமல் வெளியே வந்துவிட்டார். அவர் பேர் மட்டும் கம்பெனியில் தங்கியது. 1958-ல் அது மாஸே ஃபெர்குசன் ஆனது.

கடைசிக் காலத்தில் நாலு சக்கரமும் இழுக்கும் கார் மேல் மனது போனது. ஆனால் தூக்கமின்மையும் மனச்சோர்வும் அவரை வாட்டின. 1960 அக்டோபர் 25-ல் வீட்டில் இறந்து கிடந்தார். அளவுக்கு மீறிய தூக்க மருந்து. வேண்டுமென்று நடந்ததா, தவறுதலா என்று விசாரணை தீர்ப்புச் சொல்லவில்லை. அவருடைய குழு முடித்த பி-99 என்ற ரேஸ் காரை 1961-ல் ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டி ஓல்டன் பார்க் கோல்டு கப்பை ஜெயித்தார். அதைப் பார்க்க ஃபெர்குசன் இல்லை.

பேனர் லேனில் இருந்து செம்பியத்துக்கு

ஆழ்வார்திருநகரியில் பிறந்தவர் எஸ்.அனந்தராமகிருஷ்ணன். சிம்சன், இந்தியா பிஸ்டன்ஸ் என்று மெட்ராஸில் அமால்கமேஷன்ஸ் குழுமத்தை வளர்த்தவர். இந்தக் குழுமம்தான் மாஸே ஃபெர்குசனோடு சேர்ந்து டாஃபேயைத் தொடங்கியது. ஆலை சென்னை செம்பியத்தில். எம்.எஃப். 35 என்ற பிரிட்டிஷ் வண்டியின் வழிவந்த எம்.எஃப். 1035 இங்கே தயாரானது. அந்த 35-ன் நேர் முன்னோர் சாம்பல் நிற ஃபெர்கிதான். பிறகு மதுரைப் பக்கம் கல்லடிப்பட்டியிலும் டாஃபேக்கு ஆலை வந்தது.

பேருக்கான சண்டை ஃபெர்குசனோடு முடியவில்லை. மாஸே ஃபெர்குசன் பிராண்டை வைத்திருந்த அமெரிக்காவின் அக்கோ கம்பெனிக்கும் டாஃபேக்கும் தகராறு வந்து, 2025-ல் சமரசமானது. இந்தியா, நேபாளம், பூட்டான் மூன்று நாடுகளிலும் அந்தப் பேர் இனி டாஃபேக்கே சொந்தம்.

ஃபெர்குசன் கண்ட ஆபத்து மட்டும் இன்னும் போகவில்லை. காரணம், அவருடைய பாதுகாப்பு மூன்று கைகளில் சரியாகக் கருவி மாட்டியிருந்தால்தான் வேலை செய்யும். தொளியில் சிக்கிய வண்டியையோ, லோடு டிரெய்லரையோ இழுக்கும்போது கயிற்றை டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ பின் அச்சிலோ கட்டினால், 1917-ன் வண்டிக்குத் திரும்பிவிடுகிறோம். இழுப்பு அச்சுக்கு மேலே போனால் முன்பக்கம் தூக்கும். கயிறு எப்போதும் கீழே டிராபாரில்தான் இருக்க வேண்டும். சேற்றில் சிக்கினால் பின்சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னால் ஏற்றப் பார்ப்பதும் அதே ஆபத்துதான். ரிவர்ஸில் எடுப்பது நல்லது, முடியாவிட்டால் வேறு வண்டி வைத்து இழுப்பது நல்லது.

பழைய வண்டி வீட்டில் இருக்கிறதா?

பழைய பண்ணை வீட்டுக் கொட்டகையில் தாத்தா காலத்துச் சாம்பல் நிற டிராக்டர் ஒன்று தூசி படிந்து நின்றால், பழைய இரும்புக்குப் போடும் முன் அதன் டேஷ்போர்டில் இருக்கும் தகட்டைத் துடைத்துப் பாருங்கள். சீரியல் நம்பர் அங்கே இருக்கும். டி.இ. என்று ஆரம்பித்தால் இங்கிலாந்தில் செய்தது. டி.ஓ. என்றால் ஃபோர்டோடு பிரிந்த பிறகு ஃபெர்குசன் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் சொந்தமாகப் போட்ட ஆலையில் செய்தது. டி.இ.ஏ. என்றால் பெட்ரோல், டி.இ.டி. என்றால் மண்ணெண்ணெய் மாதிரியான எண்ணெயில் ஓடியது, டி.இ.எஃப். என்றால் டீசல். எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எண்ணை வைத்து எந்த ஆண்டு பேனர் லேனை விட்டு வெளியே வந்தது என்பதையும் கண்டுபிடித்துவிடலாம். தகடு தேய்ந்திருந்தால் வெள்ளைச் சாக்பீஸைத் தடவி, பக்கவாட்டில் டார்ச் அடித்து போட்டோ எடுங்கள், எழுத்து தெரியும்.